சுயசான்றா, வழக்கமான அனுமதியா?

தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதன்பின் பலமுறை திருத்தப்பட்டுவிட்டன. வீடு கட்டுகிறவருக்கு அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வதே பெரும்பாடு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று, அதாவது வரைபடம் விதிப்படிதான் இருக்கிறது என்று நாமே தரும் உறுதி, போதும். ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அனுமதி கைக்கு வந்துவிடும். வழக்கமான வழியில் அதிகாரிகள் வரைபடத்தைச் சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்கவாட்டு இடைவெளி அரை அடி குறைந்தால், அங்கே காகிதத்திலேயே கோட்டைத் தள்ளி வரைந்துவிடலாம். சுயசான்றில் அதே தவறு தூண் எழும்பிய பிறகுதான் கண்ணில் படும். பொறுப்பும் நம் தலையில்தான். பத்திர அளவும் மனையில் டேப் பிடித்த அளவும் ஒத்துப்போனால் சுயசான்றையே எடுங்கள். கோணல்மாணலான மனையா? சரி, கொஞ்சம் காத்திருங்கள். கட்டிய சுவரை அப்புறம் இடிக்க மனசு வராது.