ஜாம் ஆன போல்ட்டைக் கழற்ற ஆள் கூப்பிட்டேன், 7,800 ரூபாய் போனது. காரில் சொந்தமாக வேலை பார்ப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் முழு விஷயமும் தெரிந்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. 7,800 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. அந்த வண்டியில் அம்மாவை உட்காரவைத்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

துருப்பிடித்த போல்ட்டை வீட்டில் எப்படிக் கழற்றுவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கம். வண்டி 2011 மாடல் ஹேட்ச்பேக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. உப்புக்காற்றும் சேர்ந்து அடிப்பக்கம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் முன்னால் 'டொக்' என்று சத்தம். லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தை ஃபிரேமோடு பிணைக்கும் இரும்புக் கை) புஷ், அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை, கிழிந்திருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புஷ் வாங்கி வந்து நானே வேலையை ஆரம்பித்தேன்.

வலது பக்கம் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டேன், சனிக்கிழமை காலையில் இன்னொரு தடவை. ஆறு மூலை சாக்கெட் போட்டு, முதலில் ஒரு நூல் இறுக்கி, அப்புறம் மூன்றடி பைப்பை மாட்டித் தளர்த்தினேன். 'க்ரீச்' என்று கழன்றது. ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் தள்ளி, புதியதை ஏற்றி, மதியத்துக்குள் மாட்டியாயிற்று.

இடது பக்கம்தான் சிக்கல். புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும், போல்ட் அதற்குள்ளே போகும். துரு பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மரையில் விடும் எண்ணெய் அந்தக் குழாயின் நடுப்பகுதி வரை போய்ச் சேராது. நாம் போல்ட்டைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கையை விட்டதும் போல்ட் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இதே கதை. செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வண்டி வாசலில் ஸ்டாண்டில் நிற்கிறது. போனில், வீட்டுக்கே மெக்கானிக் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன்.

நான்கு மணிக்கு வந்தான். முப்பது வயது இருக்கும், கம்பெனி சட்டை. நான் அவனை நம்பிய இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு மேல பைப் போட்டு இழுக்காதீங்க. உள்ள வெல்டிங் நட்டு இருக்கு. அது பிச்சுக்கிச்சுன்னா ஃபிரேமையே வெட்டணும். புஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் ஆக்சா பிளேடு விட்டு அறுத்துத்தான் எடுக்கணும்" என்றான். நூற்றுக்கு நூறு சரியான பேச்சு. நான் பயந்துகொண்டிருந்ததும் அதே நட்டுக்குத்தான். "வலது பக்கம் நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்று வேறு சொன்னான். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "எந்தக் கண்ணும்மா?" என்று விசாரித்தான். இரண்டு நாளாகத் தனியாகப் போராடியவனுக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

அப்புறம் சொன்னான்: "லேத் இன்னிக்கு லீவு சார், பிரஸ் பண்ண முடியாது. முழு ஆர்மாவே போட்டுடலாம், கம்பெனி சாமான், நம்ம பையன் கவுண்டர்ல எடுத்துட்டு வந்துடுவான்." ஆர்ம் 4,600, புது போல்ட் நட்டு 400. அந்த 5,000-ஐத் தன் நம்பருக்கே அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். கூலி 2,800 ஆப்பில் கட்டினேன். மொத்தம் 7,800. ஞாயிற்றுக்கிழமை லேத் லீவு என்றால் டீலர் கவுண்டர் மட்டும் திறந்திருக்குமா? அந்த ஒரு கேள்வி அப்போது என் வாயில் வரவில்லை.

"பிளேடு பத்தாது, நாலு வாங்கிட்டு வந்துடுங்க சார்" என்று என்னை அனுப்பினான். பக்கத்துக் கடைகள் மூடியிருந்ததால் தண்டையார்பேட்டை வரை போய் வர ஒரு மணி நேரம் ஆனது. திரும்பி வந்தால் வேலை முடிந்து, சக்கரம் மாட்டி, வண்டி தரையில் நிற்கிறது. எட்டிப் பார்த்தேன், கறுப்பாகப் பளபளவென்று ஆர்ம் தெரிந்தது. பழையது எங்கே என்று கேட்டதற்குப் பையன் ஸ்கிராப்புக்கு எடுத்துப் போய்விட்டான் என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் சத்தம் இல்லை. அப்புறம் பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேற்று தெரிந்த பட்டறை அண்ணனிடம் காட்டினேன். லிஃப்டில் ஏற்றியதும் அவர் ஒன்றும் பேசாமல் துணியில் தின்னர் நனைத்து ஆர்மைத் துடைத்தார். கறுப்புப் பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளையில் ஒரு "இ". கழற்றும் முன் இடது என்று அடையாளத்துக்கு நானே போட்ட எழுத்து! ஆர்ம் பழையது, கிழிந்த புஷ்ஷும் பழையது, மேலே கிரீஸை அப்பியிருக்கிறான். அதைவிடக் கொடுமை போல்ட். சுத்தியலால் அடித்ததில் வெல்டிங் நட்டு உள்ளே பிய்ந்து கிடக்கிறது. 12 எம்எம் போல்ட் இருந்த ஓட்டையில் 10 எம்எம் போல்ட், ஆட்டம் தெரியாமல் இருக்க மூன்று வாஷர். "தம்பி, இதுலயா அம்மாவைக் கூட்டிட்டுப் போனே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப்பில் சாட் செய்தேன். முதல் ஆள், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாவது ஆள், எங்கள் கணக்கில் 2,800 மட்டும்தான் உள்ளது, 5,000 தனிப்பட்ட பரிவர்த்தனை என்றார். நான் கட்டியது 7,800, அந்த 5,000-ஐ அனுப்பச் சொன்னது உங்கள் கம்பெனி சட்டை போட்ட ஆள் என்றேன். மூன்றாவதாக வந்தவர்தான் வயிறெரியச் செய்தார்: "கஸ்டமர் ஏற்கெனவே கைவைத்த வண்டி என்பதால் வாரன்டி பொருந்தாது, நட்டு உங்களால் உடைந்திருக்கலாம்." அதோடு புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். இரண்டு தடவை திரும்பத் திறந்தேன், இரண்டு தடவையும் அதே வரி. சொந்தமாக வேலை ஆரம்பித்து நடுவில் மாட்டிக்கொண்ட நம்மைப் போன்றவர்கள் இவர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். கெடுத்தது அவர்கள், பழி நம்மேல்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது முடியவில்லை, மன்னியுங்கள். அவசரத்துக்கு இவை மட்டும்:

போல்ட்டைத் திருப்பிக் கையை விட்டதும் அது பழைய இடத்துக்கே வந்தால் பலம் கொடுக்காதீர்கள், நட்டு பிய்ந்துவிடும். அறுப்பதுதான் வழி. ரப்பருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் பக்கத்தில் தீ காட்டவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

வெளியாள் வந்தால் வேலை முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். சாமான் பணத்தை ஆளின் சொந்த நம்பருக்கு அனுப்பாதீர்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கழற்றும் முன் எல்லாவற்றிலும் பெயின்ட்டில் ஓர் எழுத்துப் போட்டுவையுங்கள். என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த "இ"தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். 7,800-க்கும் சேர்த்துத்தான், 2,800-க்கு மட்டும் இல்லை. ஃபிரேமை வெட்டி நட்டு வைக்கும் வரை வண்டி பட்டறையிலேயே நிற்கிறது. அந்த 10 எம்எம் போல்ட்டையும் மூன்று வாஷரையும் கவரில் போட்டு எடுத்துவைத்திருக்கிறேன். வடசென்னையில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.