வண்ணாரப்பேட்டையில் கெப்பாசிட்டர் வாங்க ஒரு கடை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை. போர்டு கிடையாது. அந்தப் பக்கம் எந்த டிவி மெக்கானிக்கைக் கேட்டாலும் "பாய் கடைதானே?" என்று வழி காட்டுவார். நான் பிளஸ் டூ இயற்பியல் டீச்சர். இரண்டு வருடமாக ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலையாமல் இங்கேதான் வாங்குகிறேன்.

காரணம், மேஜை மேல் இருக்கும் எல்.சி.ஆர். மீட்டர், அதாவது கெப்பாசிட்டரின் மின்தேக்குத்திறனை அளக்கும் கருவி. யார் வேண்டுமானாலும் அளந்து பார்த்து எடுக்கலாம். போன மாதம் 104 இசட் (100 நானோஃபாரட்) என்று அச்சடித்த, வில்லை வடிவ செராமிக் டிஸ்க் கெப்பாசிட்டர் 20 எடுத்தேன், ஒன்று 2 ரூபாய். மீட்டரில் 97 நானோஃபாரட். "பாய், கொஞ்சம் சூடு காட்டட்டுமா?" என்றேன். "தாராளமா காட்டுங்க டீச்சர்" என்று ஹாட் ஏர் மெஷினை என் பக்கம் நகர்த்தினார். தள்ளிப் பிடித்து மெல்லச் சூடாக்கினேன். 80, 62, கடைசியில் 44. ஆறியதும் திரும்ப ஏறியது. தலையில் கறுப்புப் பூசிய, சூட்டுக்கு மாறாத என்.பி. ஜீரோ ரக வில்லையையும் அப்படியே செய்து பார்த்தோம். அது அசையவே இல்லை.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டத்தான் வாங்கினேன். பாடத்தில் ஒப்புமை விடுதிறன் (கெப்பாசிட்டருக்குள் வைக்கும் பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) மாறாத எண்ணாக வருகிறது. இந்த வில்லைக்குள் இருப்பதோ பேரியம் டைட்டனேட், பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பு: மூலைகளில் பேரியம், முகங்களின் நடுவில் ஆக்சிஜன், மையத்தில் டைட்டானியம். டைட்டானியத்தின் காலியான டி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்) ஆக்சிஜனின் பி ஆர்பிட்டாலோடு கலப்பதால், மையத்தை விட்டுச் சற்று விலகி உட்காருவதுதான் அதற்குச் சௌகரியம். 1992இல் ரொனால்ட் கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சுமார் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விலகல் போய்விடும். விடுதிறன் உச்சம் தொடுவது அந்த இடத்தில்தான். இசட் ரகத்தில் பெரும்பாலும் சிர்கோனியம் போன்றவற்றைச் சேர்த்து அந்த உச்சத்தை அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். சின்ன வில்லையில் இவ்வளவு மின்தேக்குத்திறன் கிடைப்பதும், சூட்டில் அது சரிவதும் இதனால்தான்.

"ஐஸ்ல வெச்சா ஏறுமா?" என்று பாய் கேட்டார். ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது, பாலிதீன் கவரில் சுற்றி வைத்தோம். 101 வரை ஏறி, அப்புறம் 90க்கு இறங்கியது. நம் ஊர் வெயிலுக்கு வில்லை ஏற்கெனவே உச்சத்தைத் தாண்டித்தான் நின்றிருக்கிறது! எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது.

ஒரே குறை, தட்டுகள் கலந்து கிடக்கின்றன. மதிப்பு அவ்வளவாக மாறாத கே ரகத் தட்டில் இசட் இருந்ததைக் கவனிக்காமல் எடுத்துப்போய், தம்பி சரிசெய்த ஆம்பிளிஃபயரில் போட்டு, சூடேறச் சூடேற ஒலி மாறியது. ஃபில்டர் சர்க்யூட்டுக்கு வாங்குபவர்கள் எழுத்தைப் பார்த்து எடுங்கள்.

ஜிபே வாங்குவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும், 3 மணிக்கு மேல் போங்கள்.