போர்வெல் எங்கே: ஊர் காட்டும் இடத்திலா, சோதனை காட்டும் இடத்திலா?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊராட்சியில் குடிநீருக்குப் புது போர்வெல் பேச்சு வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. கிராம சபையில் பெரும்பாலோர் காட்டும் இடத்தில் போடலாம் என்றார்கள் ஒரு பக்கம். சுற்றியுள்ள போர்களின் தண்ணீரைச் சோதித்துவிட்டு இடம் பார்க்கலாம் என்றார்கள் மறுபக்கம். நான் சோதனைக்குக் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதற்குத்தான் தூக்குவேன்.

சபையின் பலம் எல்லோருக்கும் தெரியும். எந்த போர் சித்திரையில் வற்றும், மேட்டுத்தெருவுக்கு எப்போது தண்ணீர் ஏறாது என்பதைப் பொறியாளரே ஊர்க்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் சோதனை கேட்டதே தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற தாதுவுக்காகத்தான்; அந்த விஷயத்தில் ஊர் அனுபவம் கை கொடுக்காது. நிறம், வாடை, ருசி எதுவும் அதற்குக் கிடையாது. இளநீர் மாதிரி இருக்கிறது என்று ஊரே கொண்டாடும் தண்ணீரிலும் அது கூடுதலாக இருக்கலாம். பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டினால் அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு தாண்டியது நம் கண்ணுக்குத் தெரிய வருவது, பிள்ளைகளுக்கு விழுந்து முளைத்த பல்லில் பழுப்புக் கறை வந்த பிறகுதான். பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஏற்பட்ட பாதிப்பு அது. அப்புறம் நல்ல தண்ணீர் கொடுத்தாலும் மறையாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்ததே இந்தக் கேட்டைத் தடுக்கத்தான்.

ரேஷன் கடை எங்கே வேண்டும் என்பதற்கும் நிபுணர் அறிக்கை கேட்பேனா என்றால், மாட்டேன். அங்கே நடந்து போகிறவர்கள் சொல்வதே போதும். நான் பார்த்ததும் ஊராட்சி அளவில்தான். பெரிய கொள்கைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லவில்லை.

சோதனை வழியில் என்னை உறுத்துவது பராமரிப்பு. மழைக்குப் பின் ஓர் அளவு, கோடையில் வேறு அளவு என்று மாறக்கூடிய ஒன்றை ஒரே தடவை அளந்து, அறிக்கையை ஃபைலில் வைத்துவிட்டால் என்ன பயன்? "ரிப்போர்ட் சரியாக இருக்கிறது" என்று எண்ணைக் காட்டாமல் சொன்னால் ஊர் ஏன் நம்ப வேண்டும்? ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு. தண்ணீரில் மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். அந்த மருந்து தீர்ந்தால் வாங்க ஊராட்சிக் கணக்கில் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் ஒவ்வொரு போரின் அளவையும் வாசித்து, டேங்க் சுவரிலும் தேதியோடு எழுத வேண்டும்.