வாஷ் பேசின் விரிசலுக்கு எம்-சீல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

வாடகை வீட்டு வாஷ் பேசினில் விரிசல் விழுந்தால் பலரும் முதலில் வாங்குவது எம்-சீல், அதாவது இரண்டு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸிப் பசை. கசிவை நிறுத்த அருமையான பொருள். ஆனால் உடைந்த பீங்கானுக்குப் பழைய பலத்தை அது திருப்பித் தராது.

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் பேசினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் சுவர் போல்ட் வரை ஓடியிருந்தாலோ, வேஸ்ட் துளையிலிருந்து (தண்ணீர் வெளியேறும் ஓட்டை) இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தாலோ எந்தப் பசையும் வேண்டாம், பேசினை மாற்றிவிடுங்கள். யாராவது விளிம்பில் கை ஊன்றும்போது பெயர்ந்து விழும் பீங்கான் கத்தி மாதிரி வெட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

மற்ற விரிசல் என்றால் அடிப்பக்கத்தைத் துடைத்து, டிஷ்யூ பேப்பர் ஒட்டி, வேஸ்டை அடைத்து அரை மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். தாள் நனையவில்லையா? அது மேல்பூச்சில் விழுந்த கோடு, அப்படியே விடலாம். நனைந்தால்தான் எம்-சீலுக்கு வேலை.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால். வெளியே காய்ந்து தெரிந்தாலும் விரிசலுக்குள் தண்ணீர் நிற்கும். பேசினுக்குக் கீழே தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் காக்கை மூடி ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் கடைசியில் ஐந்து நிமிடம் காட்டலாம். சோப்புப் படிவைச் சுரண்டி, விரிசலின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்கு 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள். வழவழப்பு போகாத இடத்தில் பசை பிடிக்காது.

எம்-சீல் பாக்கெட்டில் உள்ள இரண்டு பகுதிகளையும் சம அளவு எடுத்து, கையுறை போட்டு, ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகவே இறுகாது. அடிப்பக்கத்தில் விரிசல் நெடுக மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் அழுத்தி, ஓரங்களை ஈரவிரலால் இழைத்துவிடுங்கள். 24 மணி நேரம் குழாயைத் திறக்கக் கூடாது.

மேல்பக்கத்துக்கு எம்-சீல் வேண்டாம். வெள்ளைப் பேசினில் சாம்பல் நிறத் தழும்பாக நிற்கும். அங்கே அரால்டைட் என்ற எபாக்ஸிப் பசையின் இரண்டு ட்யூபையும் சம அளவு கலந்து, பல்குச்சியால் விரிசலுக்குள் இறக்கி, மிச்சத்தை உடனே வழித்துவிடலாம். லேசான மஞ்சள் கோடு தெரியத்தான் செய்யும். ஃபெவிக்விக் நொறுங்கும். வெள்ளை சிமென்ட் சீக்கிரம் உதிரும். சிலிகான் பேசினுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்குக்கு நல்லது, விரிசலுக்கு அல்ல. ஒருமுறை சிலிகான் பூசிய இடத்தில் பிறகு எபாக்ஸி ஒட்டுவதும் கஷ்டம்.

ஒட்டிய பேசினில் கொதிநீர் ஊற்றாதீர்கள். சூட்டில் எபாக்ஸி இளகும், பீங்கானும் அதுவும் ஒரே அளவில் விரிவதும் இல்லை.

ஒட்டினாலும் மாற்றினாலும் செலவு யாருடையது என்ற கேள்வி வரும். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வாஷ் பேசின் பழுதைக் குடியிருப்பவர் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரிதான், எனவே உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குடிபுகும் நாளிலேயே பேசினின் மேலும் கீழும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது பழைய விரிசலுக்கு அட்வான்ஸில் பிடித்தம் வராது. எம்-சீல் பூசியதையும் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் சண்டை.

புதுப் பேசின் வாங்குவதானால் பழையதன் நீளம், அகலம், போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். துளை ஒத்துவந்தால் டைலில் மறுபடி டிரில் போட வேண்டியிருக்காது. மாட்டும்போது பிளம்பர் பக்கத்தில் நில்லுங்கள். வேஸ்ட் துளையில் பொருத்தும் கப்ளிங்கில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வேஸ்ட் துளையிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும்.