தீயணைப்பு ஹோஸும் குடிநீர் லைனும்: நடுவில் எதை வைப்பது?

தீயணைப்பு ஹோஸைக் குடிநீர் லைனில் மாட்டும்போது எல்லாரும் கவலைப்படுவது ஹோஸ் தாங்குமா, கப்ளிங் கழன்றுவிடுமா என்றுதான். அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஹோஸ் வெடித்தால் தெருவுக்கே தெரியும். ஹோஸுக்குள் இருக்கும் தண்ணீர் மெயினுக்குள், அதாவது ஊருக்குக் குடிநீர் கொண்டுபோகும் பெரிய குழாய்க்குள், திரும்பிப் போனால் யாருக்கும் தெரியாது.

தண்ணீர் இரண்டு விதமாகத் திரும்பும். ஒன்று, மெயினில் பிரஷர் இறங்கி அது உறிஞ்ச ஆரம்பிப்பது. இன்னொன்று, மெயினில் பிரஷர் 3 பார் (பார் என்பது பிரஷரின் அளவு) இருக்க, தீயணைப்பு வண்டியின் பம்ப் 10 பாரில் எதிர்த்துத் தள்ளுவது. முதல் வகைக்கு 1969-இல் அமெரிக்காவின் ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்தது நல்ல உதாரணம். பக்கத்தில் ஒரு தீயை அணைக்க ஹைட்ரண்டுகளிலிருந்து (மெயினில் தீயணைப்பு ஹோஸ் மாட்டும் குழாய் வாய்கள்) நிறையத் தண்ணீர் எடுத்தார்கள். மெயினில் பிரஷர் விழுந்தது. பயிற்சி மைதானத்தில் தேங்கிக் கிடந்த அசுத்தத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தக் குழாயில்தான் கால்பந்து அணி தண்ணீர் குடித்தது. 97 பேரில் 90 பேருக்கு ஹெபடைடிஸ் தொற்றியது. அந்த வருடத்தின் மிச்ச ஆட்டங்களையே ரத்து செய்தார்கள்.

ஆகவே, ஹோஸுக்கும் மெயினுக்கும் நடுவில் எதை வைப்பது என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது.

‘ஒரு என்ஆர்வி போட்டாச்சே, போதாதா?’ என்பார்கள். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு அது. போதாது. நான் ஒருமுறை கழற்றிப் பார்த்த என்ஆர்வியில் விரல் நகம் அளவுக்கு டெஃப்லான் டேப் துண்டு ஒன்று, மூடி வந்து உட்காரும் சீட்டில் சிக்கியிருந்தது. மூடி மூடினது போலவே இருந்தது. விளக்கைப் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு சந்து போதும்.

அப்படிப்பட்ட இரண்டு தடுப்புகளை வரிசையாக வைத்த இரட்டைத் தடுப்பு வால்வு அதைவிட மேல். ஒன்று சிக்கினாலும் மற்றது பிடிக்கும், பிரஷரும் அதிகம் குறையாது. ஆனால் இரண்டும் சேர்ந்து பழுதானால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சுத்தமான தண்ணீர் மட்டுமே ஓடும் இடத்தில் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆர்பிஇசட் (நடுவில் பிரஷர் குறைந்த அறை உள்ள) வால்வு இந்தக் குறையைச் சரி செய்கிறது. இரண்டு தடுப்புகளுக்கு நடுவில் ஒரு வடிகால் வால்வு இருக்கும். தடுப்பு கசிந்தால் தண்ணீர் மெயினுக்குப் போகாமல் அந்த வழியாகத் தரையில் கொட்டும். அதாவது, பழுதை அதுவே காட்டிக்கொடுக்கும். இதற்கு 0.7 பார் அல்லது அதற்கும் மேல் பிரஷரை இழக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் குழிக்குள் வைக்கவே கூடாது: வடிகால் மூழ்கினால் அழுக்குத் தண்ணீர் உள்ளே ஏற அதுவே வாசலாகிவிடும்.

என் ஓட்டு காற்று இடைவெளிக்குத்தான். மெயின் குழாய் ஒரு திறந்த டேங்குக்கு மேலே நின்று தண்ணீரை ஊற்றும். ஹோஸுக்கான பம்ப் டேங்கிலிருந்து எடுக்கும். நடுவில் வெறும் காற்று. கெட்டுப்போக அங்கே உதிரி பாகமே இல்லை. குழாய் வாய்க்கும் டேங்கின் வழியும் விளிம்புக்கும் நடுவில் குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் வேண்டும், எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 63 மி.மீ. குழாய் என்றால் 126 மி.மீ.

சங்கடம் என்னவென்றால், மெயின் பிரஷர் முழுக்க அங்கேயே போய்விடும், தனிப் பம்ப் வேண்டும். டேங்கும் ஈடுகொடுக்க வேண்டும். 12 மி.மீ. நாசில் 7 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 250 லிட்டர் குடிக்கும். நிரம்பிய 1,000 லிட்டர் டேங்க், மேலே வரத்து இல்லாவிட்டால், நான்கு நிமிடம். அப்புறம் இன்னொரு வில்லங்கம்: தெறிக்கிறதே என்று யாராவது ஒரு துண்டு ஹோஸை மாட்டி அதன் முனையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். இடைவெளி போச்சு. டேங்கைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும்.

தண்ணீரில் தீயணைப்பு நுரை கலக்கிறீர்கள், வண்டியில் குளத்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறீர்கள் என்றால் என்ஆர்வி, இரட்டைத் தடுப்பு இரண்டையும் மறந்துவிடலாம். காற்று இடைவெளி, அது முடியாத இடத்தில் ஆர்பிஇசட்.

ஹைட்ரண்டிலிருந்து பம்ப்புக்கு எந்த ஹோஸ் என்பதிலும் இதே கணக்குதான். கெட்டி ஹோஸ் தட்டையாகாது, அதனால் பம்ப் மெயினையே வெற்றிடமாக்கும் வரை உறிஞ்சும். துணி ஹோஸ் அதற்கு முன்பே சப்பிப்போய் நிற்கும். நிறையப் பேர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அதன் பெருமை. ஹோஸ் தளர ஆரம்பித்தாலே பம்ப் வேகத்தைக் குறைத்துவிடலாம். கேஜ் இருந்தால் வரும் பிரஷர் 1.4 பாருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வால்வைப் பற்றி ஒன்றே ஒன்று: மெதுவாகத் திறக்கவும், அதைவிட மெதுவாக மூடவும். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் ஒரு கணத்துக்குப் பிரஷர் சுமார் 12 பார் கூடும். அந்த அடி முதலில் விழுவது தடுப்பு வால்வின் சீட்டில்தான். கடைசியாக யாரோ படக்கென்று மூடிய லைனில் ஆர்பிஇசட் சொட்டிக்கொண்டிருந்தால், சொட்டும் வாயில் பிளக் அடிக்காமல் உள்ளே கழற்றிப் பாருங்கள்.