கிருஷ்ணகிரி சைக்கிள் கடையில் டவுன்ஹில் ஃபோர்க் சர்வீஸ்

ராக்ஷாக்ஸ் கம்பெனியின் பாக்ஸர் மாதிரி 200 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள டவுன்ஹில் ஃபோர்க்கை, அதாவது மலைச்சரிவில் இறங்கும் சைக்கிளின் முன்பக்க சஸ்பென்ஷனை, இந்தக் கடையில் நம்பிக் கொடுக்கலாம். காற்றை இறக்கும் முன் பிரஷரையும் ரீபவுண்ட் கிளிக்கையும் (அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தின் செட்டிங்) குறித்துக்கொள்கிறார்கள். பல கடைகளில் இது நடப்பதே இல்லை. அடி போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி, அப்புறம்தான் லோயரை (ஃபோர்க்கின் கீழ்க் குழாய்களை) உருவுகிறார்கள். முழுக்கக் கழற்றிவிட்டுத் தட்டினால் உள்ளே மரை கெட்டுப்போகும்.

ஃபோம் ரிங்குகளை (ஆயிலை உறிஞ்சி வைக்கும் ஸ்பாஞ்ச் வளையங்கள்) கழுவி, புது ஆயிலில் ஊறவைத்தே மாட்டுகிறார்கள். நம்மூர் கிரானைட் தூசிக்கு இது ரொம்ப முக்கியம்: டஸ்ட் வைப்பரை (தூசி தடுக்கும் சீல்) தாண்டிய தூள் ஆயிலோடு சேர்ந்து புஷ்ஷையும் ஸ்டான்ஷன் (மேல் குழாய்) பூச்சையும் அரைத்துவிடும். ராக்ஷாக்ஸ் சொல்லும் கணக்கு, 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு லோயர் சர்வீஸ். இங்கே அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

குறை ட்யூனிங்கில்தான். எல்லோருக்கும் ஒரே பிரஷர் அடித்துத் தருகிறார்கள். ஹெல்மெட், கார்டு எல்லாம் மாட்டி, பெடலில் நின்று சேக் (உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று) பாருங்கள். 20 சதவீதம், அதாவது 40 மி.மீ. இறங்க வேண்டும். சேக் சரியாக இருந்தும் அடிக்கடி அடிவரை இடித்தால் காற்றை ஏற்றாதீர்கள், ஒரு டோக்கன் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு) சேர்த்துவிடுங்கள். அடுத்தடுத்த மேடு பள்ளத்தில் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போனால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒவ்வொரு கிளிக்காக வேகப்படுத்துங்கள். கிரஷ் வாஷர் (அடி போல்ட்டில் நசுங்கி அடைக்கும் வாஷர்) புதுசாகக் கேட்டு வாங்குங்கள், பழசையே போட்டால் அடியில் ஆயில் கசியும்.