குளிர்நாட்டுப் பல்லாண்டுத் தீவனச் செடிகள்: எதை வாங்கலாம், எதைக் குறைக்கலாம்

கனடா, வட ஐரோப்பா மாதிரியான இடங்களில் வருஷாவருஷம் உழுது விதைக்காமல் தீவனம் எடுக்க நினைப்பவர்களுக்கு நாற்றுப் பண்ணைகளில் மூன்று செடிகள் கிடைக்கின்றன: சில்ஃபியம் என்கிற கப் பிளான்ட், இலைக்காக வளர்க்கும் காம்ஃப்ரி, மண்ணுக்குள் கிழங்கு விடும் ஜெருசலேம் ஆர்ட்டிசோக். மூன்றையும் ஒரே நிலத்தில் வைக்கலாம், ஆனால் ஒரே பாத்தியில் கலக்கக் கூடாது.

காசு போடத் தகுந்தது முதலில் சில்ஃபியம்தான். கிழக்கு வட அமெரிக்காவின் செடி. சதுரத் தண்டின் இரு பக்கமும் வரும் இலைகள் அடியில் ஒட்டிக்கொண்டு குழிவாகி, மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். 2 மீட்டருக்கு மேல் வளரும். வேர் பிடித்துவிட்டால் 15 வருஷம் வரைகூட அறுக்கலாம். ஜெர்மனியில் பயோகேஸுக்காக வயல் வயலாகப் போடுகிறார்கள். மாட்டுக்கு சைலேஜாகவும் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) ஆகும். புரதத்தில் குதிரைமசாலுக்கு ஈடாகாது, அதனால் அதையே நம்பிக் கறவை மாடு வைக்க முடியாது.

விதைப் பாக்கெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிரும் ஈரமும் படாமல் அந்த விதையின் உறக்கம் கலையாது. ஈர மணலில் பிசறி ஃப்ரிட்ஜில் 4 முதல் 6 வாரம் வைத்து, 1 முதல் 2 செ.மீ. ஆழத்தில் விதைக்க வேண்டும். அப்போதும் முளைப்பு முன்பின்னாகவே வரும். முதல் வருஷம் தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டுமே. அறுக்க ஒன்றும் இருக்காது, களை ஏறினால் செடி அதோடு சரி. அந்த வருஷ வருமானத்துக்காக ஜெர்மன் விவசாயிகள் இடைவெளி விட்டு நட்ட மக்காச்சோளத்துக்கு ஊடே இதை விதைக்கிறார்கள். சிறு நிலமென்றால் விதையை விட்டுவிட்டு நாற்றாக வாங்குங்கள்: அரை மீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 4.

காம்ஃப்ரியில் எங்கும் கிடைப்பது போக்கிங் 14. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் போக்கிங் என்ற ஊரில் லாரன்ஸ் ஹில்ஸ் என்ற இயற்கை விவசாய ஆர்வலர் தரம் பிரித்த வகைகளில் ஒன்று. விதை கட்டாது, ஆகவே தானாகப் பரவாது. ஆனால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டினால் துண்டான ஒவ்வொரு வேரும் ஒரு செடியாகும். வேர்த்துண்டைப் படுக்கவைத்து 5 செ.மீ. மண் மூடி, 60 முதல் 90 செ.மீ. இடைவெளி விட்டால் போதும். தீவனமாக இதற்கு நான் குறைந்த மதிப்பெண்தான் தருவேன். இலையில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு இருக்கிறது, இளம் இலையில் அதிகம், காயவைத்தாலும் போகாது. பன்றிக்கும் குதிரைக்கும் வேண்டாம், பால் கறக்கும் மாட்டுக்கும் வேண்டாம். தண்ணீர்ச் சத்து மிகுதி என்பதால் தனியாக சைலேஜ் போட்டால் அழுகும். சாம்பல் சத்து நிறைந்த இலையை அறுத்து மற்ற செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுங்கள். அந்த வேலைக்குக் கொடுத்த காசு வீணாகாது.

ஜெருசலேம் ஆர்ட்டிசோக் மலிவு, உறைபனியிலும் கிழங்கு மண்ணுக்குள் கெடாது. 10 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 40, வரிசைக்கு வரிசை 90 செ.மீ. கோடை நடுவில் தழையை அறுத்தால் கிழங்கு சிறுத்துவிடும். தழையா கிழங்கா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கிழங்குக்கென்றால் இலையுதிர் காலத்தில் பன்றியை விட்டாலே போதும், அதுவே கிண்டித் தின்னும். மிஞ்சும் கிழங்கு மறுவருஷம் முளைக்கும். சில்ஃபியம் இலைக்கொத்தாக இருக்கும்போது இது பக்கத்தில் இருந்தால் நிழல் விழுந்தே அது போய்விடும். இரண்டுக்கும் நடுவே புல்வெட்டி ஓடுகிற அகலத்துக்குப் புல்தரை விட்டு, ஆர்ட்டிசோக்கை வடக்கு ஓரத்தில் வையுங்கள்.

அதிக விளைச்சல் என்று சொல்லி சொஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் விதையை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். சோவியத் காலத்தில் சைலேஜுக்காகப் பரப்பிய செடி அது. சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் போடும். ஐரோப்பிய ஒன்றியம் அதை வளர்க்கவும் விற்கவும் தடை செய்திருக்கிறது.